யார் நோட்டில் இந்தக் கடன்?

எல்லோருக்கும் வணக்கம். வெளியே வரிசையாக உங்கள் வண்டிகள் நிற்கின்றன. அதனால் பெட்ரோல் பங்கிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கிய கலால் வரி 19 ரூபாய் 90 காசு. இதில் அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசுதான். மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வருவது. அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 15ஆவது நிதிக்குழு மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றதே, அது அந்த ஒன்று நாற்பதுக்குத்தான்!

சரி, மாநிலமே வரியை ஏற்றிக்கொள்ளட்டுமே என்பீர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சோப்பு முதல் சிமென்ட் வரை விகிதத்தைப் பேசி முடிப்பது மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜி.எஸ்.டி. கவுன்சில். மாநிலங்களின் வருவாய் ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என்று கணக்குப் போட்டு, குறைந்ததை ஈடுகட்டினார்கள். அதுவும் 2022 ஜூனோடு முடிந்தது. கோட்டையில் இப்போது கைவசம் இருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி. டாஸ்மாக்கை மூடுவோம் என்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏன் தொண்டையைச் செருமுகிறார்கள் என்பது புரிகிறதா?

அப்புறம் கடன். மத்திய அரசுக்கு மாநிலம் பழைய பாக்கி வைத்திருந்தால், புதுக் கடனுக்கு அதன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 293(3). பாக்கி இல்லாத மாநிலம் எது? 2020இலிருந்து மூலதனச் செலவுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கணக்கு தீரும்வரை இந்தக் கயிறும் அறுபடாது. ஓர் ஆண்டில் வாங்கும் கடனுக்கு, மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்பது வழக்கமான உச்சவரம்பு. மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் இன்னும் அரை சதவீதம் என்று 2021-22இலிருந்து அனுமதித்தார்கள்.

கதவை இறுக்கினால் ஜன்னலைத் திறப்பார்கள். கேரளம் 'கிஃப்பி' என்ற நிறுவனத்தின் பெயரில், பட்ஜெட்டுக்கு வெளியே, சாலைக்கும் பள்ளிக்கும் கடன் வாங்கியது. அதையும் மாநிலத்தின் கடனாகவே எழுதுவோம் என்றது டெல்லி. என்னைக் கேட்டால், எழுதுவது சரிதான். கடைசியில் அடைப்பது கருவூலம்தானே. ஆனால் உணவு மானியத்துக்காக இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்து, 2021 பட்ஜெட் வரை தன் பற்றாக்குறையில் காட்டாமல் வைத்திருந்ததும் அதே டெல்லிதான். இது எனக்கு ஜீரணமாகவில்லை.

கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் இடைக்கால நிவாரணத்தை மறுத்த நீதிபதிகள், 293க்கு விளக்கம் சொல்லும் வேலையை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய மாதம் அங்கே அரசு ஊழியர்களுக்கு ஒன்றாம் தேதி வரவேண்டிய சம்பளம் தள்ளிப்போனது. கருவூலக் கணக்கில் பணம் வந்த பிறகும், ஒரு நாளைக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.