பரிசு பெற்ற நொதியும் படியெடுத்த நொதியும்

நேயர்களுக்கு வணக்கம். இரட்டைப் புரிக் கயிறு ஒன்றின் நடுவே விரலை நுழைத்துப் புரிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், பிரிக்கப் பிரிக்க முன்னாலுள்ள பகுதி மேலும் இறுகி முறுக்கிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போதும் இதே தொல்லைதான். ஹெலிகேஸ் என்னும் நொதி புரிகளைப் பிரித்துக்கொண்டே செல்ல, டோபோஐசோமரேஸ் என்னும் நொதி முன்னால் நின்று இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய இடத்தைத் தானே ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டும் வேலையைத் தடுத்தே சில புற்றுநோய் மருந்துகள் உயிரணுவைக் கொல்கின்றன.

பிரிந்த இழையைப் பார்த்துப் புதிய இழையைக் கோப்பது டி.என்.ஏ. பாலிமரேஸ். இதன் கதையைத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்தருள வேண்டும். 1950-களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆர்தர் கோர்ன்பெர்க் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அவருடைய கட்டுரைகளை முதலில் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. 1959-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனாலும் கணக்கு உதைத்தது. அந்தப் பாக்டீரியா தன் டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகளை, அதாவது இழையில் வரிசையாகக் கோக்கப்படும் வேதி அலகுகளை, இரு முனைகளில் ஒரே நேரத்தில் வேலை நடத்தி, சுமார் 40 நிமிடங்களில் படியெடுத்து முடிக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு முனையில் நொடிக்கு ஆயிரத்தை நெருங்கும் வேகம். பரிசு பெற்ற நொதியோ நொடிக்கு இருபது எழுத்து அளவிலேயே தவழ்ந்தது.

1969-இல் ஜான் கெய்ர்ன்ஸும் பவுலா டி லூசியாவும் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அந்த நொதி ஏறக்குறைய வேலையே செய்யாத ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள். அது வழக்கம்போல் பெருகியது! ஆனால் புற ஊதா ஒளி பட்டதும் எளிதில் மடிந்தது. ஆக, அந்த நொதிக்குச் செப்பனிடும் வேலையே பெரிது. படியெடுக்கும் பெருவேலை வேறொன்றினுடையது. அந்த வேறொன்றைத் தேடிப் பிடித்த இளைஞர்களுள் ஒருவர், கோர்ன்பெர்க்கின் மகனும் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசிக்கப் பயின்றுகொண்டிருந்தவருமான தாமஸ் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

அதற்காகத் தந்தையின் நொதி படியெடுப்பில் வெறும் வேடிக்கை பார்க்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். எந்த டி.என்.ஏ. பாலிமரேஸும் வெற்றிடத்தில் கோக்கத் தொடங்காது. பிரைமேஸ் என்னும் நொதி, டி.என்.ஏ.வின் உறவான ஆர்.என்.ஏ.வின் சிறு துண்டு ஒன்றை வைத்துத் தந்தால்தான் அதன் நுனியில் கோத்துச் செல்லும், அதுவும் ஒரே திசையில். எதிர்த்திசையில் ஓடும் மற்ற இழை அதனால் துண்டு துண்டாகவே உருவாகிறது. இத்துண்டுகளை ரெய்ஜி ஒகசாகியும் சுனெகோ ஒகசாகியும் 1960-களில் கண்டறிந்தார்கள். பாக்டீரியாவில் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உள்ள ஆர்.என்.ஏ.வை அகற்றி இடைவெளியை நிரப்புவது கோர்ன்பெர்க்கின் அந்த மெதுவான நொதிதான். லிகேஸ் என்னும் நொதி கடைசி இணைப்பைப் போடுகிறது. பாலிமரேஸ் தவறான எழுத்தைக் கோத்துவிட்டால், ஓர் அடி பின்வாங்கி, அதை நீக்கிவிட்டுத் தொடர்கிறது. தன் மெய்ப்பைத் தானே பார்க்கும் எழுத்தர் அது.

எனக்களித்த நேரம் தீரப்போகிறது. குரோமோசோம்களின் நுனி ஒவ்வொரு படியெடுப்பிலும் சற்றே தேய்வதையும், அதை ஈடுசெய்யும் டெலோமரேஸ் என்னும் நொதி நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் ஓய்ந்தும் பெரும்பாலான புற்றுநோய்களில் விழித்தும் இருப்பதையும் விரிவாகச் சொல்லவே வந்தேன். கோர்ன்பெர்க் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார். வணக்கம்.