பாட்டில் வீசினால் தீர்ப்பு மாறுமா? ரெஃப்ரிகளை யார் கேள்வி கேட்பது?

வணக்கம் நண்பர்களே. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2024 அக்டோபர் 19. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மோதுகின்றன (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம்). ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். மூன்றாவது குவார்ட்டர் (சிரிக்காதீர்கள், ஆட்டத்தின் கால் பகுதிக்கு அங்கே அதுதான் பெயர்), ஜார்ஜியா 23-8 என்று முன்னால் இருக்கிறது. ஜார்ஜியா எறிந்த பந்தை டெக்சாஸ் வீரர் ஜாடே பேரன் இடையில் புகுந்து பிடித்து, எதிரணியின் எல்லைக்கு 9 யார்டு தூரம் வரை ஓடிவிட்டார். அரங்கமே எழுந்து ஆடுகிறது. அப்புறம் பார்த்தால் புல்வெளியில் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. ரெஃப்ரி எறிந்த துணி. பந்து வருவதற்கு முன்பே எதிராளியை இடித்துத் தடுத்தார் பேரன், அதனால் அவர் பிடித்தது செல்லாது என்கிறார்கள்.

மாணவர்கள் பகுதியிலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறக்க ஆரம்பித்தன. ஒன்று இரண்டு இல்லை, மழை. டெக்சாஸ் கோச் ஸ்டீவ் சார்கீசியனே அந்தப் பக்கம் போய், போதும் நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்கிறார். ஆட்டம் நின்றது. ஊழியர்கள் பாட்டில் பொறுக்குகிறார்கள். அந்த இடைவெளியில் ரெஃப்ரிகள் தலையோடு தலை சேர்த்துப் பேசிவிட்டு வந்து, "அது குற்றமில்லை, பந்து டெக்சாஸுக்குத்தான்" என்று அறிவித்துவிட்டார்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வகைக் குற்றத்தை வீடியோ ரீப்ளே பார்த்து மாற்ற கல்லூரி ஃபுட்பாலில் விதியே இல்லை. அப்படியானால் எதைப் பார்த்து மாற்றினார்கள்? ஜார்ஜியா கோச் கர்பி ஸ்மார்ட் ஆட்டம் முடிந்ததும் கேட்டது இதைத்தான்: குப்பையை வீசினால் தீர்ப்பு மாறும் என்று ஒரு முன்னுதாரணம் வைத்துவிட்டீர்களே? கடைசியில் ஜார்ஜியாதான் 30-15 என்று ஜெயித்தது என்பதால் அவர் கொஞ்சம் நிதானமாகக் கேட்டார். தோற்றிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். டெக்சாஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பை முதலில் சரியாகக் கையாளவில்லை என்று, இரண்டு கல்லூரிகளும் இருக்கும் எஸ்.இ.சி. கூட்டமைப்பின் நிர்வாகமே அறிக்கை விட்டது. மாற்றியது சரி, மாற்றிய விதம்தான் கேவலம். அதுதான் இந்த வீடியோவின் தலைவலி.

சரி, பின்னணியை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன், தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் என்பது நம் ஊர் இன்டர்காலேஜ் போட்டி மாதிரி இல்லை, அது கோடிக்கணக்கான டாலர் வியாபாரம். ஆனால் ரெஃப்ரிகள் முழுநேர ஊழியர்கள் கிடையாது. வாரநாளில் வக்கீலாகவோ வாத்தியாராகவோ வேறு ஏதாவது வேலையிலோ இருந்துவிட்டு, சனிக்கிழமை கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது, மதிப்பெண் போடுவது, தண்டிப்பது எல்லாமே கான்ஃபரன்ஸ் எனப்படும் பிராந்தியக் கூட்டமைப்பு. அதாவது எந்தக் கல்லூரிகளின் ஆட்டத்தை நடத்துகிறார்களோ, அந்தக் கல்லூரிகளே சேர்ந்து நடத்தும் சங்கம். பேட்டிங் பண்ணும் டீமே அம்பயர் நிற்கும் தெரு கிரிக்கெட் ஞாபகம் வருகிறதா? அவ்வளவு மோசமில்லை, ஆனால் அந்த வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

1990 அக்டோபர் 6, மிசோரி மாநிலத்தின் கொலம்பியா நகரம். கொலராடோவும் மிசோரியும் ஆடுகின்றன. இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: பத்து யார்டு முன்னேற ஒரு அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். நான்கிலும் முடியவில்லையா, பந்து எதிரணிக்கு. ஓவருக்கு ஆறு பந்து என்கிற மாதிரி, இதில் பேச்சுக்கே இடமில்லை.

மிசோரி 31-27 என்று முன்னால் இருக்கிறது. கொலராடோ எல்லைக்கோட்டிலிருந்து மூன்று யார்டில் நிற்கிறது. அரை நிமிடம்தான் பாக்கி. முதல் டவுன்: பந்தை வாங்கி ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் குவாட்டர்பேக் சார்லஸ் ஜான்சன் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்துகிறார். இது அனுமதிக்கப்பட்ட தந்திரம்தான், ஆனால் ஒரு டவுன் செலவாகிவிடும். இரண்டாவது: எரிக் பியெனெமி பந்தோடு நடுவில் புகுகிறார், ஒரு யார்டு முன்னால் அமுக்கிவிடுகிறார்கள். கொலராடோ டைம் அவுட் கேட்கிறது.

இங்கேதான் விபத்து. மைதானத்து ஓரத்தில் ஒருவர் கம்பு பிடித்துக்கொண்டு நிற்பார், அதன் உச்சியில் எத்தனையாவது டவுன் என்ற எண் இருக்கும். டைம் அவுட் முடிந்து எல்லாரும் திரும்புகிறார்கள், கம்பில் 2 என்றே இருக்கிறது. யாரும் 3 என்று மாற்றவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் அந்த 2-இலிருந்துதான். பியெனெமி மறுபடி முட்டுகிறார், மறுபடி தடுக்கிறார்கள். அது உண்மையில் மூன்றாவது, கம்பு இரண்டு என்கிறது. அடுத்து நேரம் ஓடிக்கொண்டிருப்பதால் ஜான்சன் அவசரமாகப் பந்தைத் தரையில் அடிக்கிறார். அது உண்மையில் நான்காவது! சட்டப்படி அங்கேயே ஆட்டம் முடிந்தது, மிசோரி ஜெயித்தது. ஆனால் கம்பு மூன்று என்கிறது. இரண்டு நொடி பாக்கி. ஜான்சன் தானே பந்தை எடுத்துக்கொண்டு கோட்டின் மேல் விழுகிறார். டச் டவுன், அதாவது பந்து கோட்டைத் தொட்டுவிட்டது, ஆறு புள்ளி என்று கையைத் தூக்கிவிட்டார்கள். அவர் கோட்டைத் தாண்டினாரா என்பதே இன்றைக்கும் சண்டை, அது தனிக் கணக்கு. கொலராடோ 33, மிசோரி 31.

நான் ரசித்த விஷயம் எது தெரியுமா? இந்த ரெஃப்ரிகள் எண்ணிக்கை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே மணிக்கட்டில் ஒரு எலாஸ்டிக் பட்டை கட்டியிருப்பார்கள். அதில் ஒரு வளையம் தொங்கும். முதல் டவுன் என்றால் ஆள்காட்டி விரலில் மாட்ட வேண்டும், இரண்டாவது என்றால் நடுவிரல், மூன்றாவது மோதிர விரல், நான்காவது சுண்டு விரல். நம் கிரிக்கெட் அம்பயர்கள் பந்துக்கு ஒன்றாகக் கூழாங்கல்லைப் பையில் மாற்றுகிற மாதிரியேதான். ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு வளையம் நகர வேண்டும், அவ்வளவுதான் வேலை. மைதானத்தில் இத்தனை மணிக்கட்டு, இத்தனை விரல் இருந்தும் கொலராடோவுக்கு ஆறாவது விரல் முளைத்த மாதிரி ஐந்தாவது டவுன் கிடைத்துவிட்டது.

கிரிக்கெட்டிலும் இது நடக்கும். அம்பயர் தப்பாக எண்ணி ஐந்து பந்திலோ ஏழு பந்திலோ ஓவரை முடித்தால், அவர் எண்ணியதுதான் ஓவர் என்று விதிப் புத்தகமே சொல்கிறது. தப்பையே சட்டமாக்கி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆட்டம் முடிந்தது என்று ரெஃப்ரி சொல்லிவிட்டால் ஸ்கோர் கல்வெட்டு, மேல்முறையீடு கிடையாது.

தண்டனை? அந்த ரெஃப்ரி குழுவை கான்ஃபரன்ஸ் காலவரையறை இல்லாமல் சஸ்பெண்ட் செய்தது. கொலராடோ வெற்றியைத் திருப்பிக் கொடுக்குமா என்று நிருபர்கள் கேட்டதற்கு, அதன் கோச் பில் மெக்கார்ட்னி மைதானத்துத் தரை சரியில்லை, வீரர்கள் வழுக்கி விழுந்தார்கள் என்று காரணம் சொன்னார். அவரே மிசோரியில் படித்து ஆடியவர் என்பது கூடுதல் எரிச்சல். அந்த ஆண்டு கொலராடோ என்ன ஆனது? நிருபர்கள் ஓட்டுப் போடும் ஏ.பி. தரவரிசையில் தேசிய சாம்பியன்! கோச்சுகள் ஓட்டுப் போடும் இன்னொரு தரவரிசையில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜார்ஜியா டெக் சாம்பியன். பட்டம் பாதிப் பாதி. அந்த ஒரு ஐந்தாவது டவுன் இல்லையென்றால் பாதி கூடக் கிடைத்திருக்குமா?

ஆனால் வாதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கம்பில் சரியாக 4 என்று இருந்திருந்தால் ஜான்சன் பந்தைத் தரையில் அடித்தே இருக்க மாட்டார், ஓட்டமோ பாஸோ முயன்றிருப்பார். அதில் டச் டவுன் வந்திருக்கலாம். தப்பான எண்ணை நம்பித்தான் அவர் முடிவெடுத்தார். ஆகவே தப்பை மட்டும் அழித்துவிட்டு மீதியை அப்படியே வைக்க முடியாது. கறிவேப்பிலையை எடுத்துப் போடலாம், குழம்பில் விழுந்த உப்பை எடுக்க முடியுமா?

கருத்துப் பகுதியில் சண்டை போடுங்கள்: மிசோரியா, கொலராடோவா? அப்படியே அந்த சப்ஸ்கிரைப் பட்டனையும் அழுத்திவிடுங்கள், அதில் ஐந்தாவது வாய்ப்பெல்லாம் கிடையாது.

அடுத்து, ரீப்ளே வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 2004-இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் சோதனையாக ஆரம்பித்தது, மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். 2006 செப்டம்பரில் ஒரேகான், ஓக்லஹோமாவை 34-33 என்று ஜெயித்த ஆட்டத்தில் ரீப்ளே பார்த்துமே தப்பான தீர்ப்பு வந்தது. அந்த ரெஃப்ரி குழு ஒரு ஆட்டத்துக்கு சஸ்பெண்ட். ரீப்ளே அறையில் இருந்தவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பொறுப்பேற்க வைப்பது வேறு, வேட்டையாடுவது வேறு என்பதை ரசிகர்கள் யாரும் அந்த வாரம் யோசிக்கவில்லை.

2015 அக்டோபர் 31 இதைவிட ஜோர். மயாமி டியூக்கிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது, ஆறு நொடி பாக்கி. பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பின்னால் பின்னால் எட்டு முறை மாறி, கடைசியில் கார்ன் எல்டர் வாங்கிக்கொண்டு ஓடி டச் டவுன். பார்க்க கூட்டாஞ்சோறு ஆக்குகிற குழந்தைகள் கையில் கரண்டி மாறுகிற மாதிரி இருக்கும். இடையில் பந்தை வைத்திருந்த ஒரு வீரரின் முழங்கால் தரையில் பட்டுவிட்டது, அங்கேயே ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். ரீப்ளே அதிகாரிகள் பல நிமிடம் பார்த்துவிட்டு டச் டவுன் என்றார்கள். 30-27, மயாமி. மறுநாள் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் தப்புகளைப் பட்டியல் போட்டு ஒத்துக்கொண்டு, மொத்தக் குழுவையும் இரண்டு ஆட்டத்துக்கு நிறுத்திவைத்தது. டியூக்குக்கு என்ன கிடைத்தது? ஒரு அறிக்கை.

2016-இல் ஓக்லஹோமா ஸ்டேட், சென்ட்ரல் மிச்சிகனிடம் 30-27 என்று தோற்றதும் அதே ரகம். நேரம் முடிந்த பிறகு விதிப்படி தரக்கூடாத ஒரு கூடுதல் வாய்ப்பைத் தந்தார்கள், அதில்தான் சென்ட்ரல் மிச்சிகன் ஜெயித்தது. நடத்திய குழு எந்தக் கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது? சென்ட்ரல் மிச்சிகன் இருக்கும் அதே கான்ஃபரன்ஸ். வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை, விதி தெரியாமல்தான் செய்தார்கள். ஆனால் எப்படி இருக்கிறது பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கே இல்லை, 2009-இல். அந்த அக்டோபரில் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் தன் ரெஃப்ரி குழு ஒன்றைப் பகிரங்கமாகவே சஸ்பெண்ட் செய்தது. அதாவது தீர்ப்புகள் மோசம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். அதே சீசனில் தீர்ப்புகளைப் பற்றிப் பேசியதற்காக அர்பன் மேயர், டான் மல்லன் என்று இரண்டு கோச்சுகளுக்கு ஆளுக்கு 30,000 டாலர் அபராதமும் போட்டார்கள். நாங்கள் சொன்னால் அறிக்கை, நீ சொன்னால் அபராதம். இது எந்த ஊர் நியாயம்?

என் கருத்தைக் கேட்டால், இந்த இரண்டு வார சஸ்பென்ஷன் வெறும் கண்துடைப்பு. ஒவ்வொரு ஆட்டத்தையும் காட்சி காட்சியாகப் பார்த்து ரெஃப்ரிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குத்தான் சீசன் முடிவில் பெரிய ஆட்டம். அந்த மார்க் ஷீட்டை வெளியே காட்டுவதில்லை, அதுதான் குறை. என்.பி.ஏ. கூடைப்பந்தில் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை 2015 முதல் மறுநாளே சரி, தப்பு என்று வெளியிடுகிறார்கள். அங்கே ரெஃப்ரிகள் சங்கம் அதை நிறுத்தச் சொல்கிறது என்பதே எனக்கு அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஏ.சி.சி. 2025-இல் ரீப்ளே அறைக்குள் நடக்கும் பேச்சையே சில ஆட்டங்களில் நேரலையில் கேட்க விட்டது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, மெக்கார்ட்னியிடம் நிருபர்கள் ஏன் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள் தெரியுமா? அதற்கு முன்னால் ஒருவர் கொடுத்திருக்கிறார். 1940 நவம்பர் 16, கார்னெல் டார்ட்மவுத்தை 7-3 என்று கடைசி நொடிகளில் ஜெயித்தது, அதுவும் ஐந்தாவது டவுனில்! அப்போது ரீப்ளே ஏது? ஆட்டத்தைப் பிடித்த ஃபிலிமைப் போட்டுப் பார்த்தார்கள். ரெஃப்ரி தன் தப்பு என்று ஒத்துக்கொண்டார். கார்னெல் தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தது, டார்ட்மவுத் வாங்கிக்கொண்டது. பதிவேட்டில் இன்றைக்கும் டார்ட்மவுத் 3, கார்னெல் 0.

நல்லது செய்தவர்களுக்கு நல்லது நடந்தது என்று முடிக்கலாமென்று தேடிப் பார்த்தேன். அடுத்த வாரம் கார்னெல் பென்சில்வேனியாவிடம் 22-20 என்று தோற்றுவிட்டது.