திருக்கை மீனும் தீராத இடுப்பு வலியும்

வணக்கம். பாம்பன், மண்டபம் பக்கம் வலையைத் தட்டும்போது மின்சாரத் திருக்கை கையில் பட்டவர்களுக்குத் தெரியும். விறுவிறுவென்று ஏறும், அப்புறம் கொஞ்ச நேரம் கை மரத்துப்போகும். ஏறத்தாழ 2,000 வருடங்களுக்கு முன்னால் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், கால் மூட்டு வீங்கி வலித்தவர்களை ஈர மணலில், உயிரோடு இருக்கும் மின்சாரத் திருக்கையின் மேல் காலை வைத்து நிற்கச் சொன்னார். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் லேசாக மின்சாரம் கொடுத்து வலியைக் குறைக்கப் பார்க்கும், இன்று நான் பேசப்போகிற நரம்புத் தூண்டல் சிகிச்சைக்கு அந்த மீன்தான் முன்னோடி.

எல்லா இடுப்பு வலிக்கும் இது கிடையாது. வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி வரும் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். நான் சொல்வது இடுப்பில் பிடித்து, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இறங்கும் நரம்பு வலி. மூன்று மாதம் தாண்டியும், மாத்திரை, உடற்பயிற்சி, சிலருக்கு ஜவ்வு ஆபரேஷன்கூட முடிந்தும் விடாத வலி.

விசைப்படகில் பல வருடம் போன ஒருவர் என்னிடம் வந்தார். உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது காலில் செருப்பு இல்லை, கையில் வைத்திருந்தார். "வார் பட்டாலே மிளகாய் தேய்ச்ச மாதிரி எரியுது டாக்டரம்மா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். வேலைக்குப் போகாம நடிக்கிறேன்னு வீட்டுலயே சொல்றாங்க" என்றார். அவர் நடிக்கவில்லை. நசுங்கிக் கிடந்த நரம்பு, நசுக்கியது விலகின பிறகும் மூளைக்கு வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அது ஸ்கேனில் தெரியாது.

படகு விளிம்பில் முழங்கால் இடித்தால் உடனே தேய்த்துவிடுகிறோம், வலி குறைகிறது. ஏன்? தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, தேய்க்கும் உணர்வு முந்திக்கொண்டு போய் வலிக்கு அந்தக் கதவைச் சாத்துகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்தக் கதவை மின்சாரத்தால் சாத்திப் பார்க்க, இரண்டே வருடத்தில், 1967-இல், அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கருவி பொருத்தினார்.

இப்போது ஊசி வழியாகவே, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, மெல்லிய கம்பியைத் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் செலுத்துகிறோம். முதலில் சோதனை மட்டும்தான். கம்பியின் மறுமுனை வெளியே, கருவி இடுப்பில். ஏறத்தாழ ஒரு வாரம் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். வலி பாதியாவது குறைந்தால்தான் பேட்டரியைத் தோலுக்கு அடியில் வைப்போம். அந்த மீனவர் மூன்றாம் நாள் இரண்டு காலிலும் செருப்புப் போட்டு டீக்கடை வரை நடந்தார். வலி எவ்வளவு குறைந்தது என்று அவர் சொன்ன மதிப்பெண்ணைவிட எனக்கு அந்தச் செருப்புதான் பெரிது.

பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவுக்கு அதே சோதனையில் காலில் குறுகுறுப்பு வந்தது, வலி அப்படியே இருந்தது. கம்பியை உருவி எடுத்துவிட்டோம். அழுதார், எனக்கும் மனசு தாங்கவில்லை. ஆனால் கருவிக்கான சில லட்சங்களை அவர் கடன் வாங்காமல் தப்பினார். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சோதனை பார்க்காமல் நகையை அடகு வைக்காதீர்கள், படகை விற்காதீர்கள்.

சோதனையில் பலன் தெரிந்தாலும் அது கடைசிவரை நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2022-இல் நார்வேயில் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி இருந்த 50 பேருக்கு, எப்போது ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரியாதபடி கருவியை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்வதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அவர்கள் சோதித்தது ஒரு வகைத் தூண்டலை மட்டும்தான் என்றாலும், உங்கள் மருத்துவர் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பி இடம் மாறலாம், கிருமி தொற்றலாம், அதையும் கேளுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, இரண்டு தொடைக்கு நடுவே மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ இந்தப் பேச்சே வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கருவி வைத்தபின் சில வாரம் குனியக் கூடாது, திரும்பக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் இதற்குத் தோதான நேரம். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை ஆழம்தான் போகலாம் என்று எல்லை உண்டு. வைப்பதற்கு முன்பே அந்த அளவைக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.