குல்மார்க்கில் பனி எப்போது? பொங்கல் லீவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

[திரையில்: பழுப்பு நிறப் புல்வெளி, பின்னால் மொட்டையான மலை]

வணக்கம். 2024 ஜனவரி முதல் பாதியில் பனிச்சறுக்கு ஆசையோடு காஷ்மீரத்துக் குல்மார்க் போய் இறங்கியவர்களை வரவேற்றது இப்படிப்பட்ட காய்ந்த புல்தான். குளிருக்குக் குறைவில்லை, இரவில் தண்ணீர் உறைந்தது, சறுக்குவதற்கு மட்டும் பனி இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 21 அன்று, அதே சரிவுகளில், அரசாங்கம் நடத்தும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தாராளமான பனியில் தொடங்கின. சரி, பிப்ரவரிதான் பத்திரம் என்று முடிவுகட்டினால் அதுவும் நிற்கவில்லை: 2025 பிப்ரவரி 22 அன்று தொடங்க வேண்டிய அதே போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. அரசாங்கம் குறித்த தேதியையே மதிக்காத பனி, நாம் ஆறு மாதம் முன்பே மலிவாகக் கிடைத்ததென்று போட்ட டிக்கெட்டை மதிக்குமா?

ஊரைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். 1998இல் முதல் கட்டமும் 2005இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்ட கோண்டோலா என்னும் ரோப் கார், நம்மை முதல் கட்டம் முடியும் கோங்டோரி வழியாக அபர்வத் மலையின் தோள்வரை, சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குளிர் கூடினால் பனி விழும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். காஷ்மீரில் பனியைக் கொண்டுவருவது குளிர் அல்ல. மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தானைக் கடந்து, வழியில் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு இமயமலையில் வந்து மோதுகிற மேற்கத்திய இடையூறு என்னும் காற்றுச் சுழற்சி. அது வந்தால் பனி. வராவிட்டால் வெறும் குளிர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேகம் சூழ்ந்த இரவில் தரையின் வெப்பம் எளிதில் வெளியேறாது. வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கும் இரவில்தான் அது தடையின்றி வெளியேறிக் கடுங்குளிர் அடிக்கும். ஆகவே, ‘ஸ்ரீநகரில் இந்தப் பருவத்தின் மிகக் குளிரான இரவு’ என்று செய்தி வந்தவுடன் மகிழ்ந்து டிக்கெட் போடுபவர், பெரும்பாலும் பனி விழாத வாரத்தைத் தேடிப் பிடித்துப் போகிறார்! நீங்கள் தேட வேண்டிய செய்தி அதுவன்று; மேற்கத்திய இடையூறு எந்த நாளில் நெருங்குகிறது என்று ஸ்ரீநகர் வானிலை மையம் சொல்வதைத்தான் பார்க்க வேண்டும். அது ஐந்தாறு நாள்களுக்கு முன்பே ஓரளவு நம்பிக்கையோடு தெரிந்துவிடும். கைப்பேசிச் செயலி பதினைந்தாம் நாளுக்குக் காட்டும் பனிப் படத்தை நம்புவதற்குக் கிளி ஜோசியமே மேல் என்பது என் கருத்து.

காஷ்மீரிகளுக்கென்று ஒரு குளிர்காலக் கணக்கும் உண்டு. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் சில்லை கலான். அடுத்த இருபது நாள் சில்லை குர்த். கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா. முதல் நாற்பது நாளில் விழும் பனி இறுகி உறைந்து நெடுநாள் நிற்கும், பின்னால் விழுவது சீக்கிரம் கரையும் என்பது அவர்களுடைய அனுபவம். நம் அரையாண்டு விடுமுறை இந்த நாற்பதின் தொடக்கத்திலும் பொங்கல் அதன் நடுவிலும் வருவதால், அடுக்கடுக்காகப் பனி சேர்வதற்கு முன்பே நாம் போய் நிற்கிறோம். ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம்வரை என்பதே என் பரிந்துரை. 2025 அதையும் பொய்யாக்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

[திரையில்: மலையின் குறுக்குவெட்டுப் படம், மூன்று உயரங்கள்]

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். குல்மார்க் தரைக்கும் இரண்டாம் கட்டத்தின் உச்சிக்கும் இடையே 1,300 மீட்டர், அதாவது எட்டு டிகிரிக்கு மேல். கீழே மழை தூறும்போது மேலே பொடிப்பொடியாகப் பனி கொட்டிக்கொண்டிருக்கலாம். இதனால் பாதிக்கப்படுவது தேர்ந்த வீரர் அல்லர், முதன்முதலாகக் சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டும் நீங்களும் நானும்தான். கற்றுக்கொள்பவர்களுக்கான சாய்வு குறைந்த சரிவுகள் அடிவாரத்தில் இருக்கின்றன. பனி கடைசியாகச் சேர்வதும் முதலில் கரைவதும் அங்கேதான். மேலே சறுக்கத் தெரிந்தவருக்கு மார்ச்சிலும் இடம் கிடைக்கும். நாள் பார்த்துப் போக வேண்டியவர் புதியவரே.

அப்படியானால் எப்படிப் பதிவு செய்வது? திரும்பப் பெறக்கூடியதை முன்கூட்டியும் பெற முடியாததைக் கடைசியிலும் பதிவு செய்யுங்கள். வருவதற்குச் சில நாள் முன்புவரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை, சற்று விலை கூடினாலும், இரண்டு வெவ்வேறு வாரங்களுக்குப் பிடித்து வையுங்கள். வானிலை அறிக்கை தெளிந்ததும் ஒன்றை விட்டுவிடலாம். எல்லாம் சேர்த்து மலிவாகத் தருகிறோம் என்னும் பேக்கேஜில் ‘முன்பணம் திரும்பத் தரப்படாது’ என்ற வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விமானத்தில், சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–ஸ்ரீநகர் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், திரும்பும்போது பனியால் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகும் நாளில் அந்தப் பணம் திரும்பும், டெல்லியில் தவறவிட்ட விமானத்தின் பணம் திரும்பாது. ஆகவே இரண்டையும் ஒரே பதிவெண்ணில் (PNR) எடுங்கள். 2025 ஜூனில் கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் தொடங்கியபின், விமானம் நின்றாலும் வெளியேற இன்னொரு வழி இருக்கிறது.

நீங்கள் ஆசைப்பட்ட பனியே உங்களை வழிமறிக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பனி பெய்யும் நாளில் ஸ்ரீநகரில் பேசிய வாடகைக் கார், வழியிலுள்ள டாங்மார்க் என்னும் ஊரோடு நின்றுவிடலாம்; அங்கிருந்து குல்மார்க்வரை உள்ள 13 கிலோமீட்டர் ஏற்றத்தில், டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாறி, அதற்குத் தனியாகப் பேரம் பேச வேண்டியிருக்கும். பழனியில் காற்று பலமாக வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அபர்வத்திலும் அதே கதைதான். இரண்டாம் கட்டம் நாள் முழுவதும் மூடிக் கிடப்பது அங்கே சகஜம்.

மூடியிருப்பதற்குக் காற்றைவிட ஆபத்தான காரணம் ஒன்றுண்டு: மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவு. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று, மேலே சொன்ன போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தனர். புதுப்பனி விழுந்த மறுநாள்தான் எல்லோரும் மேலே போகத் துடிப்பார்கள். அந்தப் பனி கீழ் அடுக்கோடு இன்னும் ஒட்டியிராத நாளும் அதுவே. சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல், குறிக்கப்பட்ட பாதையைத் தாண்டாதீர்கள். இரண்டு இரவுப் பயணத்தில் ஒரு நாள் மூடினால் பாதிப் பயணம் போயிற்று. ஆகவே குல்மார்க்கிலேயே நான்கு இரவாவது தங்குங்கள், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீநகரில் வையுங்கள்.

குல்மார்க் போய் வந்தவர்கள், எந்த ஆண்டு, எந்தத் தேதியில், அடிவாரத்தில் முழங்கால்வரை பனி இருந்ததா, கணுக்கால்வரையா, புல்தானா என்று கீழே எழுதுங்கள். படம் வேண்டாம், தேதி போதும். அடுத்த சீசனுக்கு டிக்கெட் போடப் போகிறவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.