அந்த 26 நிமிஷம்

நேயர்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வாடை பழக்கம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைத்ததும் குப்பென்று வருமே, அதே வாடை. எங்கள் வீட்டில் அதை முதலில் பிடிப்பது அத்தையின் மூக்கு. விடிகாலையில் மாடிக்குத் துணி உலர்த்தப் போனவர், "வந்துடுச்சுடா உன் ஏரோப்ளேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். ஜெட் எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். மூக்கில் தப்பில்லை.

வாடை வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள் அத்தை என்றேன். தினசரி காலண்டர் தாளில், ராகு காலத்துக்குக் கீழே, பென்சிலால் எழுதுவார்: "4.50, லேசா." "6.10, ஜன்னலைச் சாத்தினேன்." இப்படி நான்கு மாதம்.

அதே நான்கு மாதம் துணிக்கொடிக் கம்பத்தில் என் ஆண்டெனா. கம்ப்யூட்டரில் டிவி பார்க்கச் செருகுகிற விரல் நீள டாங்கிள் ஒன்று உண்டு. அதையே பொதுவான ரேடியோ ரிசீவராக்கலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில், நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இவ்வளவு உயரம், இந்த வேகம் என்று நொடிக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டே போகின்றன. ஏடிஎஸ்-பி என்பார்கள். பூட்டுச் சாவி கிடையாது. நான் உங்களிடம் பேசுகிற மாதிரி அதுவும் ஓர் ஒலிபரப்புதான். அடையாள எண் 80 என்று ஆரம்பித்தால் இந்தியப் பதிவு. எண்ணிலிருந்து விமானத்தின் ரகம், ரகத்திலிருந்து எஞ்சின்.

அத்தையின் குறிப்பையும் ஆண்டெனா பிடித்த தகவலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வானம் அதிர விமானம் எழும்புகிற நேரத்தில்தான் வாடை வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நான்கைந்து விமானங்கள் எஞ்சினை ஓடவிட்டபடி ஓடுபாதைக்காக வரிசையில் நிற்க, காற்றும் எங்கள் தெருப்பக்கம் திரும்பியிருந்த நேரங்கள்தான் அத்தை குறித்தவை. குறைந்த வேகத்தில் சுற்றும் எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியாது. கார்பன் மோனாக்சைடும் எரியாத மிச்சமும் வெளியே வரும். முழு விசையில் நன்றாக எரியும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும்.

இங்கேதான் அந்த 26 வருகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு எஞ்சின் புகைச் சோதனைக்காக வைத்திருக்கும் கணக்கு இது: 3,000 அடிக்குக் கீழே இறங்க 4 நிமிஷம், எழும்ப 0.7, மேலே ஏற 2.2, தரையில் ஊர்ந்து போக வர 26. சோதனைக்குச் சரி. ஆனால் உண்மையான நேரம் கையில் இல்லாதபோது விமான நிலையத்தின் புகைக் கணக்குக்கும் இதையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பெரிய நிலையமானாலும் 26, சின்னதானாலும் 26. மீட்டர் போடாமல், எங்கே போனாலும் நூறு ரூபாய் என்கிற ஆட்டோ மாதிரி! ஏர்பஸ் 320 ரகம் சும்மா நிற்கும்போதே நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ குடிக்கும். கால் மணி நேரம் கூடுதலாக நின்றால் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. எத்தனை நிமிஷம் நின்றது என்று சொல்கிற மீட்டர்தான், விமானங்களே ஒலிபரப்பிக்கொண்டு போகும் இந்தத் தடத் தரவு.

வாடை என் தெருவோடு போய்விடும். எஞ்சின் புகையிலுள்ள துகள் அப்படியில்லை. லாஸ் ஏஞ்சலஸில் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும். அங்கே வண்டியில் கருவி வைத்துத் தெருத்தெருவாக ஓட்டி அளந்தார்கள். 2014இல் வெளியான ஆய்வு. விமான நிலையத்திலிருந்து காற்று போகும் திசையில் 16 கிலோமீட்டர் தள்ளியும் நுண்துகள் எண்ணிக்கை வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு. 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள். தராசில் நிற்காது, எண்ணத்தான் வேண்டும். 2.5 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களை எடையால் அளக்கிற பிஎம் 2.5 கணக்கில் இவை தென்படவே தென்படாது. எண்ணும் கருவியில் முள் துள்ளிய நிமிஷத்தையும், தலைக்குமேல் விமானம் போன நிமிஷத்தையும் காற்றின் வேகத்தோடு சேர்த்துப் பார்த்தால், துள்ளியது விமானத்தாலா, தெருவில் போன லாரியாலா என்று பிரிக்கலாம்.

தடத் தரவில் தெரியாதவை பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன்: ஒரே எஞ்சினில் ஊர்கிறதா என்பது தெரியாது. ஏற்றிய எடை தெரியாது. நிற்கும் விமானத்துக்கு மின்சாரம் தர வாலில் ஓடுகிற குட்டி எஞ்சின் தெரியாது. கட்டடத்துக்குப் பின்னால் போனால் சிக்னலே சில சமயம் கிடைக்காது. அந்த இடைவெளிக்கு அத்தையின் காலண்டர் இருக்கிறது. வணக்கம்.