ஒரு மாலுமியின் பணிப்பதிவும் ஒரு கப்பலின் இலச்சினையும்

[திரையில்: ‘ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ்’ விமானந்தாங்கிக் கப்பலின் இலச்சினை முழுமையாக. பிறகு, அதிலுள்ள மூன்று விமான உருவங்கள் மட்டும் பெரிதாக.]

அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல்கள் தத்தமக்கென ஓர் இலச்சினையை வைத்திருக்கின்றன. மாலுமிகளின் தொப்பி முதல் காபிக் கோப்பை வரை அது இடம்பெற்றிருக்கும். கழுகு, நங்கூரம், நட்சத்திரம் என்று பழகிய சின்னங்களே பெரும்பாலும் அடுக்கப்பட்டிருப்பதால், வெளியார் அவற்றைக் கூர்ந்து பார்ப்பதில்லை. திரையில் நீங்கள் காணும் இலச்சினையும் முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் கப்பலின் உருவத்துக்கு மேலே, வானிலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்ட மூன்று விமானங்களுள் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ‘அவெஞ்சர்’ என்னும் டார்பிடோ விமானம், அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டைச் சுமக்கும் விமானம். அணு உலைகளால் இயங்கும், 333 மீட்டர் நீளமுள்ள, 2009-இல் பணியில் சேர்ந்த ஒரு கப்பலின் இலச்சினையில் முன்பக்கம் காற்றாடி சுழலும் அந்தப் பழைய விமானத்துக்கு என்ன வேலை? இதற்கான விடை, 1942 முதல் 1945 வரை கடற்படையில் பணியாற்றிய ஓர் இளைஞரின் பணிப்பதிவில் இருக்கிறது.

அவர் பின்னாளில் அமெரிக்காவின் 41-ஆவது அதிபரானார். இலச்சினையில் உள்ள 41 வெண்ணிற நட்சத்திரங்கள் அதைக் குறிக்கின்றன. நட்சத்திரங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இலச்சினையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது.

[திரையில்: 1942-ஆம் ஆண்டு நாள்காட்டி, ஜூன் 12 வட்டமிடப்படுகிறது.]

ஜார்ஜ் புஷ் 1924 ஜூன் 12 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்டன் ஊரில் பிறந்தார். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது அவர் ஆண்டோவர் பள்ளியின் மாணவர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, தமது பதினெட்டாவது பிறந்தநாளன்றே கடற்படையில் சேர்ந்தார். அப்போது அவருக்குக் கிடைத்த நிலை, இரண்டாம் வகுப்பு மாலுமி. வடகரோலினாவின் சேப்பல் ஹில்லில் தொடங்கிய பயிற்சி, டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் நிறைவுற்றது. 1943 ஜூன் 9 அன்று, பத்தொன்பது வயது நிறைய மூன்று நாள்கள் இருக்கும்போது, அவர் கடற்படைச் சேமப் பிரிவில் என்சைன் என்னும் அதிகாரி நிலைக்கு உயர்த்தப்பட்டு, விமானிகளுக்கான தங்கச் சிறகைப் பெற்றார். அன்றைய கடற்படை விமானிகளுள் அவரே வயதில் மிக இளையவர் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அது உறுதிப்படாத செய்தி. மிக இளையவர்களுள் ஒருவர் என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

அந்தத் தங்கச் சிறகைச் சற்று உற்றுப் பாருங்கள்.

[திரையில்: கடற்படை விமானியின் சிறகுச் சின்னம், நடுவே உள்ள கேடயமும் கயிறு சுற்றிய நங்கூரமும் பெரிதாகின்றன. பக்கத்திலேயே கப்பலின் இலச்சினை.]

சிறகுகளின் நடுவில் ஒரு கேடயமும், அதன் பின்னே கயிறு சுற்றிய நங்கூரமும் இருக்கின்றன. அதே கேடயமும் அதே நங்கூரமும் கப்பலின் இலச்சினையிலும் வைக்கப்பட்டுள்ளன. ஒரு போர்க்கப்பலின் சின்னத்தில் நங்கூரம் இருப்பது இயல்புதான் என்று நாம் கடந்துவிடக்கூடும். ஆனால் இங்கே அது விமானியின் மார்பில் குத்தப்படும் பதக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, தங்கச் சிறகு அணிந்த அனைவருக்கும், அவர்களுள் ஒருவரான புஷ்ஷுக்கும் உரியதாக வைக்கப்பட்டது. இந்த நுட்பத்தை அறியாதவருக்கு இலச்சினையின் பாதி விளங்காது.

[திரையில்: அவெஞ்சர் விமானத்தின் வரைபடம், மூன்று இருக்கைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

1943 செப்டம்பரில் புஷ், ‘விடி-51’ எனப்பட்ட டார்பிடோ விமான அணியில் சேர்க்கப்பட்டார். அவ்வணியின் புகைப்பட அதிகாரிப் பொறுப்பும் அவருக்குத் தரப்பட்டது. அவர் ஓட்டிய அவெஞ்சர், முழுச் சுமையுடன் ஏறத்தாழ எட்டு டன் எடையுள்ளது. அக்காலத்தின் மிகக் கனமான ஒற்றை எஞ்சின் போர் விமானங்களுள் ஒன்று. அதில் மூவர் பறப்பர். முன்னே விமானி, பின்னே சுழலும் துப்பாக்கிக் கூண்டில் ஒருவர், வயிற்றுப் பகுதியில் வானொலியைக் கவனிக்கும் ஒருவர். தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பார்பரா பியர்ஸின் பெயரைத் தம் விமானத்தின்மீது எழுதிவைத்திருந்தார் புஷ்.

அவ்வணி ஏறிச்சென்ற கப்பல், ‘சான் ஜசின்டோ’. அது குரூசர் என்னும் வேகமான போர்க்கப்பலின் உடற்கூட்டின்மீது ஓடுதளம் அமைத்து உருவாக்கப்பட்ட சிறிய விமானந்தாங்கி. நீளம் 190 மீட்டர், அகலமோ மிகக் குறைவு. இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ள கப்பலின் நீளத்தில் அது ஐந்தில் மூன்று பங்கைக்கூட எட்டாது. அலையில் ஏறி இறங்கும் அந்தக் குறுகிய தளத்தில், விமானத்தின் வால் கொக்கி குறுக்குக் கம்பியில் மாட்டும் அந்த ஒரு நொடியை நம்பி, எட்டு டன் எடை கொள்ளக்கூடிய விமானத்தை இறக்க வேண்டும். போர் முடிவதற்குள் அவர் இவ்வாறு 126 முறை விமானந்தாங்கிகளில் இறங்கினார். 58 போர்ப் பறப்புகளை முடித்தார். மொத்தம் 1,228 மணி நேரம் பறந்தார்.

எல்லாப் பறப்புகளும் தளத்தில் முடியவில்லை. 1944 ஜூன் 19 அன்று, பிலிப்பைன் கடற்போர் நடந்துகொண்டிருந்தபோது, எஞ்சின் பழுதானதால் அவர் விமானத்தைக் கடல்மீதே இறக்க நேர்ந்தது. விமானத்தில் இருந்தவர்கள் அனைவரும் உயிர் தப்பினர்; ஒரு நாசகாரிக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது.

[திரையில்: பசிபிக் வரைபடம். ஜப்பானுக்குத் தெற்கே போனின் தீவுகள், அவற்றுள் சிச்சிஜிமா.]

அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாளுக்கு வருவோம். ஜப்பானியரின் முக்கியமான வானொலி நிலையம் சிச்சிஜிமா தீவில் இருந்தது. அதைத் தகர்ப்பதே இலக்கு. ஒவ்வோர் அவெஞ்சரும் 500 பவுண்டு எடையுள்ள நான்கு குண்டுகளைச் சுமந்து சென்றது. புஷ்ஷுடன் வானொலிப் பணியாளர் ஜான் டெலேனி வழக்கம்போல் ஏறினார். துப்பாக்கிக் கூண்டில் வழக்கமாக அமர்பவருக்குப் பதிலாக, அன்று லெப்டினன்ட் வில்லியம் வைட் அமர்ந்தார்; அவர் புஷ்ஷின் குடும்ப நண்பரும்கூட.

தாக்குவதற்காகத் தாழ்ந்து பாய்ந்தபோதே விமான எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு விமானத்தைத் தாக்கிவிட்டது. எஞ்சின் பகுதி தீப்பற்றியது. புகை சூழ்ந்த நிலையிலும் புஷ் இலக்கின்மீது குண்டுகளை வீசிய பிறகே விமானத்தைக் கடல் பக்கம் திருப்பி, குதிக்கும்படி மற்ற இருவருக்கும் ஆணையிட்டார். பின்னர்த் தாமும் குதித்தார். குதிக்கையில் தலை விமானத்தின் வாலில் மோதிக் காயமடைந்தது. மற்ற இருவருள் ஒருவர் குதித்தும் அவருடைய பாராசூட் விரியவில்லை. இன்னொருவர் விமானத்தோடே கடலில் மூழ்கினார். டெலேனியும் வைட்டும் திரும்பவில்லை.

[திரையில்: ‘ஃபின்பேக்’ நீர்மூழ்கியின் தளத்திலிருந்து எடுக்கப்பட்ட கருப்பு வெள்ளைப் படச்சுருள், ரப்பர் படகில் ஓர் இளைஞர்.]

தலையில் இரத்தம் வழிய, சிறிய ரப்பர் படகில் கைகளாலேயே துழாவிக்கொண்டு, தீவின் பக்கம் இழுத்த காற்றை எதிர்த்துப் போராடினார் அவர். பிடிக்க வந்த ஜப்பானியப் படகுகளை மேலே வட்டமிட்ட அமெரிக்க விமானங்கள் சுட்டு விரட்டின. ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ‘ஃபின்பேக்’ நீர்மூழ்கிக் கப்பல் நீரிலிருந்து எழுந்து அவரை மீட்டது. அந்த மீட்புக் காட்சியைக் கப்பலில் இருந்த ஒருவர் படம்பிடித்து வைத்ததால்தான், இன்று நாம் அதைக் காண முடிகிறது. சிச்சிஜிமாவில் பிடிபட்ட அமெரிக்க விமானிகள் பலர் கொல்லப்பட்டனர் என்பதும், சிலரின் உடல்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் போருக்குப் பின் குவாமில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் வெளிப்பட்டன. தமக்கு நேரவிருந்தது எது என்பதை அந்த இளைஞர் படகில் இருந்தபோது அறிந்திருக்க வழியில்லை.

ஃபின்பேக் தன் ரோந்தை முடிக்கும்வரை ஒரு மாதம் அவர் அதிலேயே இருந்தார். பின்னர் நவம்பரில் சான் ஜசின்டோவுக்கே திரும்பி, பிலிப்பைன்ஸ் தாக்குதல்களில் பங்கேற்றார். சிச்சிஜிமாவுக்காக அவருக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் விருது வழங்கப்பட்டது. 1945 ஜனவரி 6 அன்று பார்பராவை மணந்தார். செப்டம்பரில் கடற்படையிலிருந்து விடைபெற்று யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

[திரையில்: மீண்டும் இலச்சினை. அவெஞ்சரின் உருவம் மட்டும்.]

இப்போது அந்த விமான உருவத்தைப் பார்த்தால் அது வேறொன்றாகத் தெரியும். கடற்படை தரும் விளக்கத்தின்படி, அது லெப்டினன்ட் புஷ் ஓட்டிய வகை விமானம். கடற்படை விமானப் பிரிவின் வலிமையைக் காட்டும் மூன்று தலைமுறைகளுள் முதலாவது. இந்த விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் இது முழுமையானதும் அன்று. அவெஞ்சர் மூவர் பறக்கும் விமானம். அவர்களுள் ஒருவரின் பெயர் மட்டுமே கப்பலுக்குக் கிடைத்தது. தங்கச் சிறகுச் சின்னமும் விமானிகளுக்கு உரியதே. டெலேனிக்கும் வைட்டுக்கும் அதில் இடமில்லை. அவர்களைக் காப்பாற்ற இன்னும் எதையாவது செய்திருக்கலாமோ என்ற கேள்வி புஷ்ஷை வாழ்நாள் முழுதும் விடவில்லை. பேட்டிகளில் அதைப் பலமுறை அவரே சொல்லியிருக்கிறார். எனவே, இலச்சினையில் அவ்விருவருக்கும் ஏதேனும் இடம் உண்டு என்றால், அது இந்தச் சிறிய நிழலுருவத்தின் பின்னிருக்கைகளில்தான் என்பது என் கருத்து.

[திரையில்: இலச்சினையின் அடிவானக் கதிர்களும் குறிக்கோள் வாசகமும்.]

அடிவானத்திலிருந்து எழும் ஒளிக்கதிர்கள், ‘ஆயிரம் ஒளிப்புள்ளிகள்’ என்று புஷ் 1988-இல் தம் கட்சி மாநாட்டிலும் 1989 பதவியேற்பு உரையிலும் சொன்ன தொடரைக் குறிக்கின்றன. நாடெங்கும் தன்னார்வத்துடன் பிறருக்குத் தொண்டாற்றும் மக்களை மனத்தில் கொண்டு அவர் அதைச் சொன்னார். ‘சுதந்திரம் செயல்படுகிறது’ என்னும் பொருள்படும் ‘ஃப்ரீடம் அட் வொர்க்’ என்ற குறிக்கோள் வாசகமும், ‘சுதந்திரமே பலன் தரும்’ என்று அதே பதவியேற்பு உரையில் வந்த கருத்திலிருந்து அமைக்கப்பட்டது. இவை அரசியல் மேடையின் சொற்கள். இலச்சினையின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் இவற்றில் உயிர் சற்றுக் குறைவு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, இலச்சினையில் இல்லாதவை. ஐக்கிய நாடுகள் அவையில் தூதர், சீனாவில் அமெரிக்கப் பிரதிநிதி, சிஐஏ இயக்குநர், எட்டாண்டுகள் துணை அதிபர், 1991 வளைகுடாப் போரை நடத்திய அதிபர் என நீளும் அந்த வாழ்க்கையில், அதிபர் என்ற வரிசை எண்ணையும் இரண்டு சொற்றொடர்களையும் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. மூன்றாண்டுக் கடற்படைப் பணிக்கோ விமானம், கேடயம், நங்கூரம் மூன்றும் கிடைத்தன. கப்பலுக்குப் பெயர் வைத்தது அதிபர் பதவியை மதித்து. இலச்சினையை வரைந்தவர்களோ லெப்டினன்ட்டையே முன்னிறுத்தினார்கள். வானொலியில் இக்கப்பலை அழைக்கும் பெயரும் ‘அவெஞ்சர்’ என்பதே.

[திரையில்: 2009 ஜனவரி 10, நார்ஃபோக் கடற்படைத் தளம்.]

நிமிட்ஸ் எனப்படும் விமானந்தாங்கி வகையின் பத்தாவதும் கடைசியுமான இக்கப்பலுக்கு 2006 அக்டோபரில் அவருடைய மகள் டோரத்தி பெயர்சூட்டு விழா நடத்தினார். 2009 ஜனவரி 10 அன்று அது பணியில் சேர்ந்தபோது, பதவியில் இருந்த அதிபரான மகனும் கப்பலின் பெயருக்குரிய தந்தையும் ஒரே மேடையில் இருந்தனர்.

இலச்சினையின் இரண்டாவது விமானம், எஃப்/ஏ-18 ஹார்னெட். 2014 ஆகஸ்ட் 8 அன்று இக்கப்பலிலிருந்து எழுந்த இரண்டு எஃப்/ஏ-18 விமானங்கள், ஈராக்கின் எர்பில் நகருக்கு அருகே ஐஎஸ் அமைப்பின் பீரங்கியின்மீது 500 பவுண்டுக் குண்டுகளை வீசின. சிச்சிஜிமாவில் அவெஞ்சர் வீசிய குண்டுகளின் எடையும் அதுவே. எழுபது ஆண்டுகளில் மாறியது, அவற்றை வழிநடத்தும் லேசர்.

மூன்றாவது, எஃப்-35சி. கப்பல் பணியில் சேர்ந்த நாளில் விமானந்தாங்கிக்கென வடிவமைக்கப்பட்ட அந்த வகை இன்னும் ஒருமுறைகூட வானில் எழவில்லை. அதன் முதல் பறப்பு 2010 ஜூனில்தான் நடந்தது. வருங்காலத்துக்கு ஓர் இடம் ஒதுக்கவேண்டும் என்று வரைந்தவர்கள் நினைத்தார்கள்.

[திரையில்: 2013 மே 14. வால் இல்லாத, வௌவால் வடிவ விமானம் தளத்திலிருந்து எழுகிறது.]

ஆனால் வருங்காலம் வேறு வடிவிலும் வந்தது. 2013 மே 14 அன்று, எக்ஸ்-47பி என்னும் ஆளில்லா விமானம் இதே கப்பலின் தளத்திலிருந்து உந்தி எழுப்பப்பட்டது. ஜூலை 10 அன்று இதே தளத்தில் வால் கொக்கியை மாட்டி, மனிதக் கை படாமல் இறங்கியது. ஒரு விமானந்தாங்கியில் அத்தகைய ஆளில்லா விமானம் இவற்றைச் செய்துகாட்டியது அதுவே முதன்முறை. மூவர் ஏறிய அவெஞ்சர், ஒருவரோ இருவரோ ஏறும் ஹார்னெட், ஒருவர் மட்டும் ஏறும் எஃப்-35சி என்று இறங்கிவந்த வரிசையில் எவரும் ஏறாத விமானத்துக்கு இலச்சினையில் இடமில்லை. எக்ஸ்-47பி திட்டம் இரண்டு விமானங்களோடு நின்றுபோனது. அதன் வழியில் வந்த எம்கியூ-25 என்னும் ஆளில்லா எரிபொருள் விமானத்தைத் தளத்தில் நகர்த்திப் பார்க்கும் சோதனை 2021-இலும், அவற்றை இயக்குவதற்கான முதல் கட்டுப்பாட்டு மையத்தை நிறுவும் பணி 2024-இலும், இக்கப்பலிலேயே நடந்தன.