நூலும் மேப்பும்: வரலாற்று வகுப்பில் ஒரு பயணம்

நேயர்களுக்கு வணக்கம். வரலாற்று வகுப்பில் மேப் எப்போது வெளியே வருகிறது? பெரும்பாலும் பாடம் முடிந்த பிறகுதான். "இந்த ஊர்களைக் குறித்து வாருங்கள்" என்று வீட்டுப்பாடமாகப் போய்விடும். அதைத் தலைகீழாக்குங்கள் என்கிறேன். மேப் முதலில், கதை பிறகு.

ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "கங்கை வரை வென்றான்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். தாண்டாதீர்கள். கடற்கரையும் ஆறுகளும் மட்டும் உள்ள இந்திய மேப்பை நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். 1 சென்டிமீட்டருக்கு 100 கிலோமீட்டர் என்ற அளவு வசதி. கூடவே ஒரு முழ நூல். தையல் நூலே போதும், கம்பளி நூல் வேண்டாம். ஸ்கேலில் வைக்கும்போது அது இழுபட்டு, தூரத்தைக் கூட்டிக் காட்டிவிடும்.

முதலில் தஞ்சாவூரிலிருந்து வங்காளத்துக் கங்கைக்கு ஸ்கேலை நேராக வைக்கச் சொல்லுங்கள். கோடு கடல்மேல் போகும்! வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும், அதற்காகத்தான் வைக்கச் சொன்னோம். இப்போது நூலைக் கரையோரமாக வளைத்து வைத்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரும், அதாவது 2,000 கிலோமீட்டர். யானையும் வண்டியும் சுமையுமாக நாளுக்கு 15 கிலோமீட்டர் நடந்ததாக வைத்துக்கொண்டால், போய்ச் சேரவே நான்கு மாதத்துக்கு மேல்.

வழியில் கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி. தென்மேற்குப் பருவமழையில் மூன்றும் கரைபுரளும். அப்படியென்றால் எந்த மாதம் கிளம்பியிருப்பார்கள்? விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே சண்டை போடட்டும். வென்று திரும்பிய தளபதியை அரசன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. நூலில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும், பாதித் தூரம்கூட இல்லை. அரசன் ஏன் அங்கே நின்றான் என்ற கேள்வி தானாக வரும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். செப்பேட்டில் உள்ளது பேனாவில், நம் ஊகம் பென்சிலில். கோதாவரி பேனா. கிளம்பிய மாதம் பென்சில். இது கலந்துவிட்டால் ஊகமே அடுத்த வாரம் வரலாறாகிவிடும்.

அடிக்கடி கெட்டுப்போகும் இடம் ஜெராக்ஸ். மேப்பைப் பெரிதாக்கினால் படம் வளரும், "1 செ.மீ. = 100 கி.மீ." என்று எழுதிய எழுத்தின் அர்த்தம் வளராது. கோட்டளவை, அதாவது தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் அளவு உள்ள மேப்பையே நகலெடுங்கள், அது படத்தோடு சேர்ந்து நீளும். இன்றைய மாநில எல்லை உள்ள மேப்பும் வேண்டவே வேண்டாம். சோழர் படை ஆந்திரா, ஒடிசா என்று பார்டர் தாண்டிப் போனதாகப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்.

மலைக்கும் இதே வேலைதான். வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி என்று ரோமானிய நாணயம் கிடைத்த ஊர்களுக்குப் புள்ளி வையுங்கள், பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையை வரையுங்கள். மேற்குக் கடற்கரையிலிருந்து நாணயம் எந்த வழியாக வந்திருக்கும் என்று கேட்டால், பாலக்காட்டுக் கணவாயில் மலை விட்டுப்போகிற இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மேப் முதலில், கதை பிறகு!

கடிகாரம் முறைக்கிறது. உலக மேப்பைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்று: சுவரில் தொங்கும் மெர்கேட்டர் மேப்பில், அதாவது துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மேப்பில், கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பெரிதாகத் தெரியும், உண்மையில் இந்தியாதான் ஒன்றரை மடங்கு பெரியது. பேரரசுகளின் பரப்பை ஒப்பிடுகிற அன்றைக்கு அதைக் கழற்றிவிட்டு, உலக உருண்டையை எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.